வளிமண்டலத்தின் வரவு செலவு: மீள்பகுப்பாய்வுத் தரவுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

காலநிலை மாற்றத்தை ஆராய்வோர் இன்று பெரிதும் நாடுவது மீள்பகுப்பாய்வுத் தரவுகளையே. கப்பல்களும் பலூன்களும் செய்மதிகளும் பல்லாண்டுகளாகத் திரட்டிய அவதானங்களை மாறாத ஒரே கணினி மாதிரியுருவினூடாக மீண்டும் செலுத்தி, உலகம் முழுவதற்கும் இடைவெளியற்ற வானிலை வரலாறொன்றை ஆக்குவதே அம்முறையாகும். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை எதிர்வுகூறல் நிலையத்தின் ஈ.ஆர்.ஏ.-5 என்னும் தொகுதி 1940 முதலான விவரங்களை மணிக்கு மணி தருகின்றது. ஒருவரும் அவதானியாத கடற்பரப்புக்கும் அதில் எண்கள் உண்டு. ஐயம் எழவேண்டிய இடமும் அதுவே.

இவ்வெண்களைச் சோதிக்க எளியதொரு வழி உண்டு. வளிமண்டலம் நீரை நெடுங்காலம் சேமித்து வைப்பதில்லை. அதிலுள்ள நீராவி சராசரியாக ஒன்பது நாட்களளவில் மழையாகிவிடுகின்றது. ஆகவே ஆண்டுக்கணக்கில் உலகளாவிய ஆவியாதலும் மழைவீழ்ச்சியும் சமமாதல் வேண்டும். கடலில் ஆவியாதல் மழையை விஞ்சும் அளவும், தரையில் மழை ஆவியாதலை விஞ்சும் அளவும், ஆறுகள் கடலுக்குக் கொண்டுசெல்லும் நீரின் அளவும் ஒன்றே: ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கனகிலோமீற்றர்.

மீள்பகுப்பாய்வில் இக்கணக்கு பெரும்பாலும் பொருந்துவதில்லை. மாதிரியுரு தன்னளவில் நீரையும் திணிவையும் பேணினாலும், சில மணித்தியாலங்களுக்கொருமுறை அவதானங்களுக்கேற்ப அது திருத்தப்படுகின்றது. ஒவ்வொரு திருத்தமும் எங்கிருந்தும் வராத நீரைச் சேர்க்கின்றது, அல்லது எங்கும் செல்லாத நீரை அகற்றுகின்றது. கணக்குப் புத்தகத்தில் பெயரில்லாத வரவு என்று இதனைக் கூறலாம்.

1991 யூனில் பிலிப்பைன்சின் பினற்றுபோ எரிமலை வெடித்தபின் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. அதன் நுண்டுகள்கள் படைமண்டலத்திற் பரவி, செய்மதிகள் அளந்த செந்நிறக்கீழ்க் கதிர்வீசலைப் பாதித்தன. ஈ.ஆர்.ஏ.-40 தொகுதியின் மாதிரியுரு அத்துகள்களை அறியாது. கதிர்வீசலின் குறைவை ஈரப்பதன் மிகுதியெனக் கொண்டது. விளைவாக வெப்பமண்டலக் கடல்கள்மீது பெய்யாத மழை தரவிற் பெய்தது. எரிமலை மழையைத் தந்தது என்று எவரேனும் அவ்வெண்களைக்கொண்டு ஆய்வெழுதியிருப்பின் குற்றம் யாருடையது?

சக்திக் கணக்கிலும் இவ்வழு சிறியதன்று. ஒரு சதுரமீற்றரில் நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர் மழை உருவாகும்போது ஏறத்தாழ 29 உவாற்று மறைவெப்பம் வெளிவிடப்படுகின்றது. புவி தற்போது பெறும் மிகைவெப்பமோ சதுரமீற்றருக்குச் சுமார் 1 உவாற்றே. ஆகவே மழையில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு வழுவும் நாம் தேடும் பொருளினும் பெரிது. 2004 இல் லெனாட் பெங்ற்சனும் உடனாய்வாளரும் ஈ.ஆர்.ஏ.-40 இல் நீராவி அதிகரிப்பை ஆராய்ந்து, அதிற் கணிசமான பகுதி அவதான முறைமை மாறியதாலேயே தோன்றியது எனக் காட்டினர். புதிய செய்மதி ஏவப்பட்ட ஆண்டு, காலநிலை மாறிய ஆண்டுபோலத் தோற்றமளிக்கின்றது. செய்மதிக்கு முந்திய காலத்தில் பலூன் நிலையங்கள் வடவரைக்கோளத்தின் செல்வ நாடுகளிலேயே செறிந்திருந்தமையால், தென்னரைக்கோளத்துப் பழைய எண்களில் மாதிரியுருவின் பங்கு மிகுதி என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மெரா-2 தொகுதியில் உலகளாவிய மழையும் ஆவியாதலும் சமப்படுமாறு கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. இதனைச் சிலர் தீர்வெனக் கொள்வர். எமக்கு அது உடன்பாடன்று. மொத்தத்தைப் பொருத்திவிட்டமையால் ஒவ்வொரு பிரதேசத்தின் கணக்கும் சரியாகிவிடாது. அதற்குமேல், வழுவைக் காட்டும் அளவுகோல் ஒன்றையும் நாம் இழக்கின்றோம்.

மாதிரியுரு பெய்விக்கும் மழையைவிட, அவதானங்களோடு நெருங்கிய காற்றையும் ஈரப்பதனையும் கொண்டு கணிக்கும் நீராவிக் கடத்தலே நம்பத்தக்கது. 2011 இல் கெவின் திரென்பெர்த்தும் உடனாய்வாளரும் பல தொகுதிகளை இவ்வாறே ஒப்பிட்டனர். அதற்கும் முன்னதாக உலர்வளியின் திணிவு பேணப்படுமாறு காற்றின் வேகத்தைத் திருத்துதல் இன்றியமையாதது. அன்றேல் வளித்திணிவின் சிறு வழுவும் சக்திக் கடத்தலிற் பெருகித் தோன்றும். இத்திருத்தம் ஈ.ஆர்.ஏ.-5 இற்கும் வேண்டியதே.