நஞ்சும் மருத்துவமும் – 9: விழுங்கிய குளிகைகள்

தங்கப் பசையை ஆசனவாயில் ஒளித்துவந்த ‘குருவி’கள் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பிடிபடுவது ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கும் பழகிப்போன செய்தி. ஹெராயின், கொக்கைன் குளிகைகளை விழுங்கி வந்தவர்களும் அங்கே சிக்கியிருக்கிறார்கள். இவர்களை முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவர்.

எக்ஸ்ரேயில் தங்கம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்துவிடும். போதைத்தூள் அப்படியல்ல, குடலில் கிடக்கும் மலத்தோடு கலந்து மறைந்துகொள்ளும். அதனால் கதிரியக்க மருத்துவர் தேடுவது வடிவத்தை. ஒரே அளவில், ஓரம் வழவழப்பான நீள்வட்டத் துண்டுகள் பல கிடந்தால் அது சாப்பாடு இல்லை. தூளைச் சுற்றிய ரப்பர் உறைகளுக்கு நடுவே சிக்கிய காற்று மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். முடிச்சுப் போட்ட இடம் சிறு பூவைப் போல விரிந்திருக்கும். இத்தனை பார்த்தும் எக்ஸ்ரே சிலரைத் தவறவிடுகிறது. சந்தேகம் தீராவிட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையை நம்பி அனுப்பிவிடக் கூடாது; உறை கிழியாதவரை அதில் ஒன்றும் வராமல் போகலாம்.

1973இல் கனடா மருத்துவ இதழ் ஒன்றில், ஹஷீஷ் அடைத்த ஆணுறையை விழுங்கிக் குடல் அடைப்போடு வந்தவரைப் பற்றி எழுதினார்கள். மருத்துவ ஏடுகளில் இதுவே முதல் பதிவு என்பார்கள்.

ஹெராயின் உறை கிழிந்தால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு அடங்கும். அதற்கு நலோக்சோன் இருக்கிறது. கொக்கைனுக்கு முறிவு மருந்தே கிடையாது. ரத்த அழுத்தம் எகிறும், வலிப்பு வரும். உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். உறைகள் கிழியாமல் இருந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைக் கொடுத்துக் குடலைக் கழுவி, கண்காணித்துக் காத்திருப்பார்கள். எண்ணெய் சார்ந்த பேதி மருந்து கூடவே கூடாது, அது ரப்பர் உறையை இளக்கிவிடும்.

சென்னை, பெங்களூரு என்ற இரு பன்னாட்டு விமான நிலையங்களுக்கு நடுவே இருக்கின்றன நம் தோல் ஊர்கள். ரயிலில் போகிற ஒருவருக்கு வழியில் உறை கிழிந்தால், அவரை ஆம்பூர் அரசு மருத்துவமனைக்கோ வேலூர் அடுக்கம்பாறைக்கோதான் தூக்கிவருவார்கள். “வெயில்ல மயங்கிட்டாருங்க டாக்டர்” என்பார் கூட வந்தவர். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த நேரத்தில் இந்தச் சந்தேகம் தோன்ற வேண்டும். அதற்காகவே இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

‘கடத்தல்காரனுக்கு இத்தனை கரிசனமா?’ என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொக்கைன் 100 கிராமைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஓர் உறையில் ஏறத்தாழ 10 கிராம் என்றால், பத்துப் பன்னிரண்டு உறைகளிலேயே அந்த எல்லை வந்துவிடும். தண்டனையும் சாவும் சுமந்து வந்தவருக்கு. சரக்கின் சொந்தக்காரர் எங்கோ பத்திரமாக இருக்கிறார்.

1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 103ஆம் பிரிவில் மருத்துவருக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறது. நீதித்துறை நடுவர் உத்தரவிட்டால் கதிரியக்க மருத்துவர் எக்ஸ்ரே எடுப்பார். உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதும் மருத்துவரின் ஆலோசனைப்படி, அவர் மேற்பார்வையில்தான். பெண் என்றால் பெண் மருத்துவர். சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்டு சம்மதித்தால் நடுவரிடம் போகாமலேயே செய்யலாம். எல்லாம் வெளிவந்தபின் மறுபடியும் படம் எடுத்து உறுதிசெய்துகொண்டே காவலர் கையில் ஒப்படைக்க வேண்டும். ஓர் உறை தங்கிவிட்டாலும் அது சிறை அறையில் வைத்துக் கிழியலாம்.