வண்டிச் சட்டத்தில் ஒரு ரப்பர்க் குழல்

பழைய மோட்டார் வண்டி மேடு பள்ளத்தில் இறங்கும்போது ‘கடக்’ என்று ஓர் ஓசை எழுவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஏதோ பெரிய உறுப்பு முறிந்ததோ என்று அஞ்சுவோம். பல வேளைகளில் அதற்குக் காரணம், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரப்பர்க் குழல் தேய்ந்துபோனதே ஆகும். பட்டறை வழக்கில் அதனைப் ‘புஷ்’ என்பர்.

சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் விற்களும் கரங்களும் ஓயாது அசைய வேண்டும். ஆயின் இரும்போடு இரும்பு மோதுதல் கூடாது. அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதன் பின்பகுதியைக் குனிந்து நோக்கினால், எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில் தெரியும். முதற்பட்டையின் முனைகள் வளையமாகச் சுருண்டிருக்கும். வளையத்திற்குள் ரப்பர், அந்த ரப்பரின் நடுவே போல்ட்.

சிலவகைப் புஷ்களில் ஒரு நுட்பம் உண்டு. ரப்பர், உள்ளும் புறமும் உள்ள எஃகுக் குழல்களோடு பிரிக்க இயலாதவாறு ஒட்டியிருக்கும். கரம் ஏறி இறங்கும்போது அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு, பின்னர்த் தன் நிலைக்கு மீள்கிறது. உராய்வில்லை, ஆகவே எண்ணெயும் வேண்டுவதில்லை. பச்சை ரப்பர் இதனைச் செய்யாது. வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் கலந்து சூடாக்கினால் ரப்பர் உறுதி பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டார். அந்த உறுதியின் பயனே நம் புஷ்.

அன்றியும், புஷ் முறுக்குக்கு மட்டும் இடந்தருவதன்று. கரம் சற்றே சாய்ந்தாலும் அது நெகிழ்ந்து கொடுக்கிறது. பழைய வண்டிக்கு உதிரிப் பாகம் கிடைக்காதபோது, நைலான் கட்டையை லேத்தில் கடைந்து பொருத்திவிடலாமே என்று தோன்றும். அளவு பொருந்தும், குணம் பொருந்தாது. நெகிழாத புஷ் கரத்தைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த விசை முழுதும் சட்டத்தின் தாங்கியில் இறங்கி, நாளடைவில் அங்கே விரிசல் காணும்.

ஆகவே வீட்டில் செய்ய விரும்புவோர் வார்க்கத்தக்க பாலியூரித்தேனை நாடுகின்றனர். இரண்டு திரவங்களைக் குறித்த விகிதத்தில் நிறுத்துக் கலந்தால் அது ரப்பர்போல் உறையும். எவ்வளவு கடினமானது வேண்டும் என்பதே முதல் வினா. ஷோர் ஏ என்னும் அளவுகோலில் புஷ் ரப்பர் ஏறத்தாழ 50 முதல் 70 வரை இருக்கும். அதனை ஒட்டியதையே தேர்ந்தெடுத்தல் நன்று. தேய்ந்த புஷ்ஷை அளந்து அச்சு செய்தல் வீண். அது அமரும் துளையையும் போல்ட்டையும் வெர்னியரால் அளக்க வேண்டும். அலுமினியத்தில் அச்சைக் கடைந்து, மெழுகு பூசி, உட்குழலைச் சரியாக நடுவில் நிறுத்தி ஊற்ற வேண்டும். ஈரம் சிறிது கலந்தாலும் வாயு பிறந்து உள்ளே குமிழிகள் தோன்றும். குமிழியுள்ள புஷ்ஷை எறிந்துவிடுவதே முறை. இத்திரவங்களுள் ஒன்றில் ஐசோசயனேட் உள்ளது. அதன் ஆவி நுரையீரலைத் தாக்கும். ஆதலால் திறந்த வெளியில், உரிய கவசமும் கையுறையும் அணிந்தே வேலை செய்தல் வேண்டும்.

இவ்வாறு வார்த்தது எஃகோடு ஒட்டாது, குழலின்மேல் சுழலும். எனவே சிலிக்கோன் கிரீஸ் பூச வேண்டும். அதிர்ச்சி தாங்கியின் வளையத்தில் இதனை முயன்று பார்க்கலாம். முன்சக்கரத்தின் கீழ்க்கரத்தில் முயலுதல் தகாது என்பது என் கருத்து. பிரேக்கின் இழுவை முழுதும் அங்கே விழுகிறது. அங்குப் புஷ் பிய்ந்தால் சக்கரத்தின் திசையே மாறிவிடும். அவ்விடத்திற்கு ஆலைப் புஷ்ஷே வேண்டும்.

ஆலையில் செய்த ஒட்டுவகைப் புஷ்ஷைப் பொருத்தும்போதும் அவசரம் ஆகாது. சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியவுடன் ரப்பர் முறுக்குண்டு, நின்ற இடத்திலேயே வருந்திக்கொண்டிருக்கும், விரைவில் கிழியும். முதலில் போல்ட்டைத் தளர்வாகவே விட்டு, வண்டியின் பாரம் முழுதும் சக்கரங்களில் அமர்ந்தபின் இறுக்க வேண்டும்.