ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா?

மோட்டார் காரைப் பற்றிப் பேச்சு வந்தால், “எவ்வளவு வேகம் போகும்?” என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். “எவ்வளவு தூரத்தில் நிற்கும்?” என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் உயிரைக் காப்பது இரண்டாவது கேள்விதான். இதை விளங்கிக்கொள்ள, அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த இரண்டு பழைய கார்களை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது, மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கார்கள் இந்த வகையில் வெளிவந்தன. இதன் எஞ்சின் 20 குதிரைத் திறன் கொண்டது. மணிக்குச் சுமார் 70 கி.மீ. வேகத்தில் ஓடும். அடுத்தது, 1927 டிசம்பரில் அறிமுகமான மாடல் ஏ. இதன் எஞ்சின் 40 குதிரைத் திறன் கொண்டது. வேகம் மணிக்குச் சுமார் 100 கி.மீ.

“வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லையே!” என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், நிறையைப் பொறுத்தும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் அமைகிறது. 70-இன் வர்க்கம் 4,900. 100-இன் வர்க்கம் 10,000. அதாவது, வேகத்தால் மட்டுமே ஆற்றல் இரு மடங்காகிவிட்டது. மாடல் ஏ எடையும் மிகுந்தது. ஆகவே அதன் ஆற்றல் இரு மடங்குக்கும் மேல். கார் நிற்க வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் பிரேக்.

மாடல் டி காரில் பிரேக் மிதியை அழுத்தினால், கியர்ப் பெட்டிக்குள் சுழலும் உருளையை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். அதன் பலன் பின் சக்கரங்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். கைப் பிரேக்கும் பின் சக்கரங்களில்தான் இருந்தது. முன் சக்கரங்களுக்குப் பிரேக்கே இல்லை.

இதில் என்ன குறை? ஓடும் பேருந்து திடீரென்று நிற்கும்போது நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள் அல்லவா? காரும் அவ்வாறே சாய முயல்கிறது. தடுக்கும் விசை, சக்கரங்கள் தரையைத் தொடும் இடத்தில் செயற்படுகிறது. காரின் ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே இருக்கிறது. எனவே முன் சக்கரங்களின் மேல் பாரம் கூடுகிறது. பின் சக்கரங்களின் மேல் குறைகிறது. பாரம் குறைந்தால் உராய்வும் குறையும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆக, பிடிப்புக் குறைந்த சக்கரங்களிடம் காரை நிறுத்தும் பொறுப்பு முழுவதும் விடப்பட்டிருந்தது. பிரேக்கை இன்னும் பலமாக அழுத்தினால், அச்சக்கரங்கள் சுழலாமல் நின்று வழுக்கத் தொடங்கும்.

மாடல் ஏ காரில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. மிதியின் விசையை இரும்புக் கம்பிகள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் கொண்டு சென்றன. பாரம் எங்கே கூடுகிறதோ, அங்கேயும் உராய்வு பயன்பட்டது. வேகத்தைக் கூட்டிய பொறியாளர்கள், அதை அடக்கும் வழியையும் கூட்டினார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கார் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடும்போது பிரேக் போட்டால் 15 மீட்டரில் நிற்கிறது. அதே சாலையில், அதே தடுப்பு விசையுடன், 100 கி.மீ. வேகத்தில் ஓடினால் எத்தனை மீட்டரில் நிற்கும்? 30 என்று சொல்லிவிடாதீர்கள். விடை 60! அடுத்த முறை சாலையைக் கடக்கும்போது, தூரத்தில் விரைந்து வரும் வண்டியைப் பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.