இரவல் நிரலுக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்துக் களத்தில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூலிம் ஹைடெக் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் உயர்தொழில்நுட்பத் தொழில் பூங்கா அது. லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அங்கே வேலைக்குப் போகிறார்கள். சிலர் இயந்திரங்களைப் பார்த்துக் கொள்கிறார்கள். சிலர் அந்த இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள்.

மென்பொருள் எழுதும் பிள்ளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எல்லாவற்றையும் தானே எழுதுகிறான் என்றுதான் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. அவன் கையாளும் நிரலில் பெரும்பகுதி இரவல். வெளியார் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்தொகுப்புகளை எடுத்துத் தன் வேலையோடு இணைத்துக் கொள்கிறான். கணினித் துறையினர் இதை 'லைப்ரரி' என்பார்கள்.

இரவல் வாங்குவது தவறா?

தவறே இல்லை. உங்கள் கைத்தொலைபேசியில் 'கொ' என்று தட்டிப் பாருங்கள். ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் சரியாக வந்து அமர்கின்றன. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய மூன்றிலும் இந்த வேலையைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்' என்ற ஒரே பொது நிரல்தொகுப்புதான். ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தனித்தனியே எழுதியிருந்தால், தமிழ் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக உடைந்திருக்கும்.

ஆக, இரவல் குற்றமன்று. எதை இரவல் வாங்கினோம் என்று தெரியாமல் இருப்பதுதான் குற்றம்.

கோயில் அண்டா

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கோயில் அண்டா தெரியும். கல்யாணமோ கருமாதியோ, பெரிய சமையலுக்கு வேண்டிய அண்டா, கரண்டி, பாய் எல்லாம் மாரியம்மன் கோயில் அறையிலிருந்துதான் வரும். அங்கே ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். சாவி ஒருவர் கையில் இருக்கும். எந்த அண்டா யார் வீட்டில் இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார்.

இப்போது ஓர் அண்டாவில் ஓட்டை இருப்பது தெரிய வருகிறது என்று வையுங்கள். புத்தகம் இருந்தால் நேரே அந்த வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் லயம் லயமாகத் தட்ட வேண்டியதுதான்.

அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் நிறுவனம் அது. அவர்கள் பயன்படுத்திய 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற இரவல் நிரல்தொகுப்பில் ஓட்டை இருப்பது 2017 மார்ச் 7-இல் வெளியானது. சரிசெய்த பதிப்பும் உடனே கிடைத்தது. இரண்டு நாளில் நிறுவனத்துக்குள் சுற்றறிக்கையும் போனது. ஆனால் பெறுநர் பட்டியல் பழையது. சரிசெய்ய வேண்டியவர்கள் கைக்கு அது போய்ச் சேரவில்லை. எந்த மென்பொருள் எங்கே ஓடுகிறது என்ற முழுப் பட்டியலும் அங்கில்லை. மே மாதம் நுழைந்த திருடர்கள் ஜூலை இறுதிவரை உள்ளே இருந்தார்கள். சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் சொந்த விவரங்கள் பறிபோயின. 2019-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

மருந்து கையில் இருந்தது. நோய் எந்த அறையில் என்றுதான் தெரியவில்லை.

அவசரமும் ஆபத்துதான்

அப்படியானால் புதுப் பதிப்பு வந்த அன்றே மாற்றிவிட்டால் போதாதா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'எக்ஸ்இஸட் யூட்டில்ஸ்' என்ற பொதுத் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒருவர் வேண்டுமென்றே கள்ளக் கதவு வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்றவர் அவர். கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிய ஆண்டிரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் 2024 மார்ச் 29-இல் அதை அம்பலப்படுத்தினார். இம்முறை அவசரமாகப் புதுப் பதிப்புக்கு மாறியவர்கள்தான் ஆபத்தில் இருந்தார்கள்.

தாமதமும் கெடுக்கும், அவசரமும் கெடுக்கும். எனவேதான் குழுவுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்கிறோம்.

குழு செய்ய வேண்டியவை

முதலாவது, ஒரே பட்டியல். நிரல்தொகுப்பின் பெயர், பதிப்பு எண், எங்கிருந்து வந்தது, நம்முடைய எந்தப் பொருளில் இருக்கிறது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். இரவல் நிரல் தன்னோடு அழைத்துவரும் வேறு இரவல்களையும் எழுத வேண்டும். 2021 டிசம்பரில் 'லாக்ஃபோர்ஜே' ஓட்டை உலகையே உலுக்கியபோது, பலரிடம் அது வேறொரு தொகுப்பின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்தது.

இரண்டாவது, குழுவில் அனைவருக்கும் ஒரே பதிப்பு. ஒருவர் கணினியில் பழையதும் இன்னொருவர் கணினியில் புதியதும் இருந்தால், "என் கணினியில் ஓடுகிறதே!" என்ற சண்டைதான் மிஞ்சும்.

மூன்றாவது, சொந்தப் பிரதி. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர், பெயர்த் தகராறு ஒன்றில் மனம் கசந்து, பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அன்று நின்றுபோயின. தம்மிடம் பிரதி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

நான்காவது, சாவி வைத்திருக்கும் ஒருவர். அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவர். புதிய நிரல்தொகுப்பு எதுவும் அவரைக் கேட்காமல் உள்ளே வரக்கூடாது. ஒரே வேலைக்கு மூன்று தொகுப்புகள் சேர்வதும் இதனால் தவிரும்.

ஐந்தாவது, புதுப்பிக்க மாதத்தில் ஒரு நாள். அன்று தனி இடத்தில் சோதித்த பிறகே மாற்ற வேண்டும். பெரிய ஓட்டை என்று அறிவிப்பு வந்தால் மட்டும் அந்த நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. லாக்ஃபோர்ஜேக்கு ஒரே மாதத்தில் நான்கு முறை திருத்தப் பதிப்பு வந்தது; ஆகவே ஒரு முறை மாற்றிவிட்டோம் என்று ஓய்ந்துவிடவும் முடியாது.

ஆறாவது, உரிமம். நிகழ்ச்சியில் பத்து விநாடி பின்னணி இசை சேர்த்தாலும் பாடலின் பெயர், உரிமையாளர், நேரம் எல்லாவற்றையும் 'கியூ ஷீட்'டில் எழுதித் தருவது எங்கள் வழக்கம். நிரலும் அப்படித்தான். இலவசம் என்பதால் நிபந்தனை இல்லை என்று பொருளாகாது.

இனி இது நம் வீட்டுக் கணக்கு மட்டுமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணினிப் பாதுகாப்புச் சட்டம் 2024 டிசம்பர் 10-இல் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகளுக்கு 2027 டிசம்பர் 11 என்று நாள் குறிக்கப்பட்டது. மென்பொருள் அடங்கிய பொருளை அங்கே விற்பவர், அதில் உள்ள நிரல்தொகுப்புகளின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. ஏற்றுமதியை நம்பியிருக்கும் கூலிம் போன்ற ஊருக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்தப் பொது நிரல்களைப் பலர் சம்பளமின்றிப் பராமரிக்கிறார்கள். அண்டாவில் ஓட்டை கண்டால் கோயிலுக்குச் சொல்லிவிடுவது போல, பிழை கண்டால் அவர்களுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அடைத்தும் கொடுங்கள்.

இத்துறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வேலைக்குப் போனதும், "நம் மென்பொருளில் என்னென்ன இரவல் இருக்கிறது?" என்று குழுவில் கேளுங்கள். பதில் ஐந்து நிமிடத்தில் வந்தால் நிம்மதியாகப் பசியாறப் போகலாம். வராவிட்டால், அன்றே ஒரு குறிப்புப் புத்தகத்தைத் திறந்து முதல் வரியை நீங்களே எழுதுங்கள்.