குலசேகரன்பட்டினத்திலிருந்து விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு போகுமா?

குலசேகரன்பட்டினம் ஏவுதளம் 2026 டிசம்பருக்குள் தயாராகிவிடும் என்று இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் 2025 ஆகஸ்டில், அங்கே ஏவுமேடைக்குப் பூமி பூஜை நடந்தபோது அறிவித்தார். அந்தக் கெடுவை ஒட்டி டெல்டா மாவட்டங்களிலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் இரண்டு செய்திகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்தில் எழும் ஏவுதளம். இன்னொன்று, 2025 ஜூனில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனபோது உடன் சென்ற கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜோதி, உமா ரக நெல் விதைகள். இரண்டையும் முடிச்சுப் போட்டு, ‘அடுத்து நம்ம ஆடுதுறை நெல் குலசேகரன்பட்டினத்திலிருந்தே நிலையத்துக்குப் போகும்தானே?’ என்று பலர் கேட்கிறார்கள். போகாது. அங்கிருந்து கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. சுமார் 500 கிலோ மட்டுமே தூக்கும் சின்ன ராக்கெட் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். நாளைக்கே பெரிய ராக்கெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் போகாது என்பதுதான் விஷயம். ஏன் என்று புரிந்துகொள்ள, சரக்கு ராக்கெட்டின் புறப்பாட்டு நேரத்தையும் திசையையும் எது தீர்மானிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ‘வணிக’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ‘வணிகச் சரக்கு ராக்கெட்’ என்றதும் லாரி வாடகை மாதிரி யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து அனுப்பலாம் என்று தோன்றும். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு 12 பயணங்களுக்காக 160 கோடி டாலரும், ஆர்பிட்டல் சயின்சஸ் நிறுவனத்துக்கு 8 பயணங்களுக்காக 190 கோடி டாலரும் ஒப்பந்தம் கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த வணிகம். கலத்தைத் தனியார் கட்டுகிறார்கள், ஓட்டுகிறார்கள். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான கூலியை அரசு கொடுக்கிறது. வாங்குபவர் பெரும்பாலும் ஒரே ஒருவர் என்னும்போது அதைச் சந்தை என்று சொல்வது மிகை. நம் ஊரில் குலசேகரன்பட்டினத்தைப் பற்றி ‘வணிக ஏவுதளம்’ என்று அறிவிக்கப்படும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது நேரத்துக்கு வருவோம். நிலையம் சுற்றும் பாதையை, பூமியைச் சுற்றிச் சாய்வாக மாட்டிய ஒரு வளையமாக நினைத்துக்கொள்ளுங்கள். நிலையம் அந்த வளையத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓடுகிறது. வளையம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, உள்ளே பூமி கிழக்கு நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கிறது. தஞ்சாவூர் இருக்கும் அட்சரேகையில் தரையின் வேகம் நொடிக்குச் சுமார் 457 மீட்டர். கல்லணை இந்த நொடியில் நிற்கும் இடத்துக்கும் பூம்புகார் நிற்கும் இடத்துக்கும் கிழக்கு மேற்காக உள்ள தூரத்தை, பூமி நான்கே நிமிடத்தில் கடந்துவிடுகிறது. ஏவுமேடையும் இப்படித்தான் நகர்ந்துபோய், குறிப்பிட்ட ஒரு கணத்தில் வளையத்துக்கு நேர் கீழே வருகிறது. அந்தக் கணத்தில் கிளம்பினால் ராக்கெட் வளையத்துக்குள்ளேயே நேராக ஏறும். நான்கு நிமிடம் தாமதித்தால், வளையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு டிகிரி விலகிய வேறொரு வளையத்தில் ஏறிவிடும். நொடிக்கு 7.6 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஒரு பொருளைப் பக்கவாட்டில் திருப்பி அந்த விலகலைச் சரிசெய்ய, நொடிக்குச் சுமார் 100 மீட்டர் கூடுதல் வேகம் வேண்டும். ஒரு மணி நேரம் தாமதமானால் தேவைப்படும் கூடுதல் வேகம் நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர். அதற்கான எரிபொருளைச் சுமந்தால் சரக்குக்கு இடம் இருக்காது. முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் மதகு மூடியபின் வயலுக்கு ஓடி வந்தவருக்கு அடுத்த முறைதான் என்பது டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இங்கே மதகு திறந்திருப்பது ஒரு கணம்.

இதற்குச் சான்று நம் எல்லோர் வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடியது. சுக்லா சென்ற ராக்கெட் 2025 ஜூன் 11 அன்று இந்திய நேரப்படி மாலை 5.30-க்குக் கிளம்புவதாக இருந்தது. திரவ ஆக்சிஜன் கசிவு, பிறகு நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்த கசிவு என்று தள்ளிப்போய், ஜூன் 25 அன்று பகல் 12.01-க்குக் கிளம்பியது. நாள் மட்டும் மாறவில்லை, மாலை நேரம் நண்பகலுக்கு வந்துவிட்டது. 14 நாளில் 5 மணி 29 நிமிடம், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 24 நிமிடம் முன்கூட்டி. ஆட்கள் போகாத சரக்குக் கலத்திலும் கணக்கு இதுதான். ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் 2012 மே 19 அன்று அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி அதிகாலை 4.55-க்குக் கிளம்ப இருந்து, இன்ஜின் ஒன்றில் அழுத்தம் கூடியதால் கடைசி நொடியில் நின்றது. மூன்று நாள் கழித்துக் கிளம்பியபோது மணி 3.44. அதே 24 நிமிடம். இதில் 4 நிமிடம் நட்சத்திரங்களை ஒப்பிட்டால் பூமியின் சுழற்சி 24 மணி நேரத்தைவிடச் சற்றுக் குறைவு என்பதால் வருவது. மீதி 20 நிமிடத்தில்தான் அழகு இருக்கிறது: பூமியின் இடுப்பு கொஞ்சம் பருத்திருப்பதால் அதன் ஈர்ப்பு வளையத்தை நாளுக்கு 5 டிகிரி மேற்கே தள்ளுகிறது. பூமியின் பருமன் ராக்கெட்டின் புறப்பாட்டு நேரமாக நம் கைக்கடிகாரத்தில் தெரிகிறது!

‘சில ராக்கெட்டுகளுக்கு அரை மணி நேர அவகாசம் கொடுத்தார்களே’ என்று விவரம் தெரிந்தவர்கள் மறுக்கலாம். உண்மைதான். 2015 டிசம்பரில் சிக்னஸ் சரக்குக் கலத்தை ஏற்றிச் சென்ற அட்லஸ்-5 ராக்கெட்டுக்கு 30 நிமிட அவகாசம் இருந்தது. அந்த ராக்கெட்டுக்கு வலிமை மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைச் செலவழித்து வழியிலேயே வளையத்தை நோக்கித் திரும்பிக்கொண்டது. கல்பனா சாவ்லாவின் பெயர் சூட்டிய சிக்னஸ் 2020 அக்டோபர் 1 அன்று தரைக் கருவிக் கோளாறால் புறப்பட இரண்டே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கையில் நிறுத்தப்பட்டு, மறுநாள்தான் போனது. அது ஏறியது அன்டாரஸ் ராக்கெட்டில். அதற்கு அவகாசம் குறைவு. டிராகனை ஏற்றிச் செல்லும் ஃபால்கன்-9-க்கோ அவகாசமே இல்லை. மிகையாகக் குளிரூட்டிய ஆக்சிஜனைக் கடைசி 35 நிமிடத்தில்தான் நிரப்புகிறார்கள். காத்திருந்தால் அது சூடேறிவிடும். ஆக, அவகாசம் என்பது எரிபொருள் கொடுத்து வாங்குவது.

திசைதான் நம்மை நேரடியாகத் தொடும் பகுதி. நிலையத்தின் வளையம் பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்ந்திருக்கிறது. ரஷ்யர்கள் ஏவும் பைக்கானூர் 46-வது அட்சரேகையில் இருக்கிறது. நேர் கிழக்கே ஏவினால் 46 டிகிரி வளையம் மலிவாகக் கிடைத்திருக்கும். ஆனால் கழன்று விழும் அடுக்குகள் சீனாவின் பக்கம் விழும். அதைத் தவிர்க்க வடக்கே ஒதுங்கி ஏவ, அதற்கேற்ற சாய்வே நிலையத்துக்கும் வந்தது. யார் தலையில் எது விழும் என்ற கேள்விதான் அந்த வளையத்தையே வளைத்திருக்கிறது. அறிவிப்புகளில் 51.6 என்ற எண் மட்டும் வருகிறது. அந்தக் கேள்வி வருவதில்லை.

அந்த வளையத்தில் ஏற எந்த ஏவுதளத்துக்கும் இரண்டே திசைகள்: ஒன்று வடகிழக்கு, மற்றொன்று தென்கிழக்கு. குலசேகரன்பட்டினத்திலிருந்து தென்கிழக்கே அந்தக் கோணத்தில் கோடு போட்டால், அது இலங்கையின் தென்மேற்குக் கரையை உரசினாற்போல், காலிக்குச் சில பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. மக்கள் நெருக்கமாக வாழும் கரை அது. வடகிழக்கே போடுங்கள். கோடு ராமநாதபுரம் மாவட்டக் கரையைத் தாண்டி, பாக் விரிகுடாவைக் கடந்து, மறுபடி நிலம் ஏறுவது டெல்டாவின் தென்கிழக்கு மூலையில்: முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் பக்கம். புறப்பட்ட இடத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். எரிந்து முடிந்த அடுக்கு விழும் தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கணக்கு என்பதால், அந்தக் கோட்டின் கீழே இருப்பது கடைமடை வயல்களும் நடவு ஆட்களும். நம் நெல்லை நிலையத்துக்கு அனுப்ப நம் வயல்மேல்தான் ராக்கெட் விட வேண்டும் என்று எந்த அதிகாரியும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. குலசேகரன்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததே நேர் தெற்கே அண்டார்டிகா வரை கடல் திறந்து கிடக்கிறது என்பதற்காக. துருவப் பாதைக்கு அது அருமையான இடம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதே பாதைக்குப் போக இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியிருக்கிறது. சின்ன ராக்கெட்டின் சுமையை அந்த வளைவு பெரிதும் தின்றுவிடுகிறது.

‘அதே மாதிரி வளைந்து நிலையத்துக்கும் போகலாமே’ என்பது அடுத்த மறுப்பு. போகலாம், சுமையை இழந்து. இன்னொரு கட்டத்தில் இன்ஜினை எரித்துச் சரியான வளையத்துக்குத் திரும்ப வேண்டும்; மேலே சொன்ன பக்கவாட்டுத் திருப்பத்தின் செலவு இங்கேயும் வந்து நிற்கும். ‘ஃபுளோரிடாவிலிருந்து 2020 ஆகஸ்டில் கியூபாவுக்கு மேலேயே ராக்கெட் விட்டார்களே’ என்பது இன்னும் வலுவான மறுப்பு. அங்கே, நிலத்தை அடைவதற்குள் முதல் அடுக்கு தன் வேலையை முடித்துத் திரும்பிவிடுகிறது. மேலடுக்கு மிக உயரத்தில், மிக வேகமாக அந்தத் தீவைக் கடக்கிறது. தவறினால் தானே தன்னை அழித்துக்கொள்ளும் கருவி இருக்கிறது. அதே ராக்கெட் பலமுறை பறந்த சரித்திரமும் இருக்கிறது. நாம் போட்ட வடகிழக்குக் கோடு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரிலேயே ராமநாதபுரம் கரையைத் தொடுகிறது. அந்த அனுமதியை இங்கே கேட்பதற்கு முன்பு, அந்தச் சரித்திரம் இங்கே எழுதப்பட வேண்டும்.

அப்படியானால் இந்தியாவிலிருந்து நிலையச் சரக்கு எங்கிருந்து போகும்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. அங்கிருந்து வடகிழக்குக் கோடு ஒடிசா, வங்கத்தின் மேல் போய்விடும். தென்கிழக்குக் கோடு இலங்கைக்கு வெகு தூரம் கிழக்கே திறந்த கடலில் போகும். அந்த ஒரு திசை மட்டுமே என்பதால் வாய்ப்பு நாளுக்கு ஒரே ஒரு முறை. 2035-க்குள் முடிக்கத் திட்டமிட்டிருக்கும் பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தின் சாய்வும் 51.5 டிகிரி என்று திட்டமிடப்பட்டிருப்பதால் கணக்கு மாறாது. பெரிய ராக்கெட்டுக்கான மூன்றாவது ஏவுமேடைக்கு, 2025 ஜனவரியில் சுமார் 3,985 கோடி ரூபாயில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் ஸ்ரீஹரிகோட்டாவில்தான். குலசேகரன்பட்டினத்திலிருந்து ஆண்டுக்கு 24 ராக்கெட் வரை விடலாம் என்று சொல்லப்படுவதையும் அளந்துதான் ஏற்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா 1979 ஆகஸ்டில் தொடங்கி, நூறாவது ராக்கெட்டை விட்டது 2025 ஜனவரி 29 அன்று. ஒரே ஆண்டில் பத்தைக்கூட அது எட்டியதில்லை. எஸ்.எஸ்.எல்.வி. தயாரிப்பை ஹெச்.ஏ.எல். நிறுவனம் ஏற்றிருப்பதால் வேகம் கூடலாம். ஆனால் மேடையின் கொள்ளளவு வேறு, அதில் ஏற்ற வாடிக்கையாளர் வருவது வேறு.

கடிதங்களில் மிச்சமுள்ள கேள்விகள்.

தஞ்சாவூரிலிருந்து குலசேகரன்பட்டினம் ராக்கெட் தெரியுமா? வானம் தெளிந்திருந்தால் தெற்கே, அடிவானத்தை ஒட்டித் தெரிய வாய்ப்பு உண்டு.

ஆடுதுறை நெல் போகவே முடியாதா? போகலாம், அதற்கு வேண்டியது ஆய்வுத் திட்டமும் கலத்தில் ஓர் இடமும்.

சர்வதேச நிலையம் எத்தனை நாளைக்கு? 2030 வரை இயக்கி, பிறகு கடலில் இறக்குவதாகத் திட்டம். இறக்கும் கலத்துக்கு 2024 ஜூனில் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது.

போன சரக்கு திரும்பி வருமா? சிக்னஸ் குப்பையைச் சுமந்துகொண்டு வளிமண்டலத்தில் எரிந்துபோகும், டிராகன் கடலில் இறங்கும். அனுப்பிய விதையை மறுபடி மண்ணில் போட்டுப் பார்க்க வேண்டுமானால் டிராகனில்தான் ஏற்ற வேண்டும்.