உங்களுக்குத் தெரியுமா? பின் பொருந்தினால் மட்டும் போதாது!

சம்பா வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் சார்ஜரும், வீட்டு வைஃபை பெட்டியின் அடாப்டரும் ஒரே மாதிரி உருண்டைப் பின்னோடு வருவதுண்டு. கடையில் இரண்டையுமே ‘12 வோல்ட்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஸ்பிரேயரில் இருக்கும் ஈய-அமில பேட்டரி முழுதாக ஏற 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வைஃபை அடாப்டரைச் செருகினால் சார்ஜ் அரைகுறையாகவே ஏறும். பாதி வயலில் மருந்து வருவது நின்றுவிடும். ஸ்பிரேயர் சார்ஜரை வைஃபை பெட்டியில் செருகினால் பெட்டியே போய்விடலாம். இப்போது லித்தியம் பேட்டரி வைத்த ஸ்பிரேயர்களும் வருகின்றன. அவற்றுக்குப் பழைய ஈய-அமில சார்ஜரைப் போடவே கூடாது. பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. வீட்டில் இரண்டு வகையும் இருந்தால், எது எதற்கு என்று சார்ஜர் மேலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள்.

அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் ‘அவுட்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள வோல்ட், கருவி கேட்கும் வோல்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். குறைந்தால்தான் அடாப்டர் கொதிக்கும். பக்கத்திலேயே ஒரு வட்டம், பிளஸ், மைனஸ் போட்ட சின்னப் படமும் இருக்கும். பின்னின் உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று சொல்வது அதுதான். அதையும் பாருங்கள்.

அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் பக்கம் சிங்கப்பூர், மலேசியா, துபாய்ச் சாமான் இல்லாத தெரு குறைவு. அந்த ஊர்களின் மின்சாரமும் ஏறக்குறைய நம்முடையதைப் போல 230 வோல்ட்தான். வேறுபடுவது சதுரப் பின் மட்டுமே. அமெரிக்காவிலிருந்து வந்த சாமானில் ‘120’ என்று மட்டும் இருந்தால் நம் பிளக்கில் நேரடியாகச் செருகாதீர்கள். ‘100-240’ என்று இருந்தால் தாராளமாகச் செருகலாம்.

லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறதா? மூன்று பின் ஒயரை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கலாம், அல்லது வீட்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். மேலே இருக்கும் தடித்த பின்தான் எர்த். அதை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

டைப்-சி கேபிள் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான். சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் இழுக்கும் லேப்டாப்புக்கு, தலைப்பில் சிறு சிப் பதித்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். கேபிள்தானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் கடைகளில் விற்கும் கேபிள்களை வாங்கிச் சோதித்து வந்தார். 2016-ல், உள்ளே ஒயர் மாறி இணைக்கப்பட்ட ஒரே ஒரு மலிவுக் கேபிள் அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கிவிட்டது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டாவின் பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடிய இடத்தில்தான் போன் சார்ஜ். ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கும் என்பதால், புயல் எச்சரிக்கை வந்ததுமே பவர் பேங்கை முழுதாக ஏற்றி வைப்பது நல்லது.

புது அடாப்டர் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணையும் தேடுங்கள். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வரும். வராவிட்டால் அந்த அடாப்டரை வாங்காதீர்கள்.