ஞாயிற்றொளியில் விளையும் உரம்

பயிருக்கு வேண்டிய உணவுகளுள் தலைமையானது நைட்ரஜன். இலைக்குப் பசுமையும் மணிக்குத் திரட்சியும் தருவது அதுவே. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே ஆகும். எனினும், கடல் நடுவே நின்று நாவறண்டவனைப் போல, அக்காற்றில் மூழ்கி நிற்கும் பயிர் அதனை நேரே உண்ண மாட்டாது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாய் இறுகப் பிணைந்திருத்தலே காரணம். அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை ஓசையின்றி அவிழ்க்கின்றன. ஆப்பிரிக்காவிலுள்ள கென்ய நாட்டு உழவர் மக்காச்சோளத்தின் இடையே அவரையினம் விதைப்பது பழைய வழக்கம்.

மனிதன் அப்பிணைப்பை அவிழ்த்து உரமாக்கக் கற்றது அண்மையிலேதான். 1909ஆம் ஆண்டில் பிரிட்ஸ் ஹேபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் பேரழுத்தத்தில் வெப்பமூட்டி அமோனியா ஆக்கிக் காட்டினார். 1913இல் அந்நாட்டின் ஓப்பா என்னுமிடத்தில் பெரிய ஆலை எழுந்தது. அம்முறை கோடிக்கணக்கானோர்க்கு உணவளித்தது. அதனை மறுத்தல் நன்றியின்மையாகும். ஆயினும் அதற்கு வேண்டும் ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கும்போது, ஒரு டன் அமோனியாவுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வானிற் கலக்கிறது. மேலும், ஆலைகள் பெரியனவாதலின் அவை எங்கோ தொலைவில் உள்ளன. கென்யாவுக்கு வரும் உரம் மொம்பாசாத் துறைமுகத்தில் இறங்கி, தலைநகரான நைரோபியை அடையவே 480 கிலோமீட்டர் செல்லவேண்டும். அவ்வழிச்செலவு முழுவதும் உழவன் தலைமேல் விழுகிறது.

இக்குறைகளைத் தீர்க்கும் பொருட்டு, 2023ஆம் ஆண்டில் அந்நாட்டின் நைவாசாப் பகுதியிலுள்ள ஒரு பண்ணையில் சிற்றாலை ஒன்று நிறுவப்பட்டது. கதிரொளித் தகடுகள் மின்னாற்றல் தர, அம்மின்சாரம் நீரைப் பிளந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும். நைட்ரஜனோ அங்குள்ள காற்றிலேயே கிடைக்கும். இரண்டையும் அழுத்தி, 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் இரும்புத் துகளின்மேற் செலுத்தினால் அமோனியா பிறக்கும். ஹேபர் கண்ட வழி மாறவில்லை. ஹைட்ரஜன் வரும் வாயிலே மாறிற்று. பேராலைகள் நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேலும் ஆக்க, இஃது ஒரு டன் ஆக்குமாறு அமைக்கப்பட்டது. ஒரு பண்ணைக்கு அது சிறிதன்று.

ஒரு டன் அமோனியாவுக்குப் பிளக்கப்படும் நீர் ஏறக்குறைய 1,600 லிட்டரே. ஒரு தண்ணீர் வண்டி அதனினும் மிகுதியாகச் சுமக்கும். மின்சாரமோ 10,000 யூனிட்டை ஒட்டி வேண்டும். இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. கதிரவன் மாலையில் மறைவான். உலையையோ விளக்கைப்போல் அடிக்கடி அணைத்து ஏற்றுதல் எளிதன்று. ஆகவே பகலில் ஹைட்ரஜனைச் சேமித்து வைத்தல் வேண்டும். அன்றேல் இரவில் வேறு மின்சாரம் பெறுதல் வேண்டும். இரண்டும் செலவு மிக்கவை.

உரம் எவ்வகையில் ஆக்கப்படினும், வயலில் அதன் இயல்பு ஒன்றே. பயிர் உண்டது போக எஞ்சியதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாகிறது. அது கரியமில வாயுவினும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. மற்றொரு பகுதி மழைநீரிற் கரைந்து ஓடுகிறது. நைவாசா ஏரியில் ஆகாயத்தாமரை அடர்ந்து மீன்படகுகளின் வழியை மறைப்பதற்கு, சுற்றுப்புற வயல்களினின்று வழியும் உரநீரும் ஒரு காரணமாகும்.